தொங்கும் பெட்டியில ஆத்தைக் கடந்தவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஸ்பெயின்ல பில்பாவ் போறவங்க மியூசியத்தோட திரும்பிடாதீங்க, மெட்ரோ புடிச்சு போர்ச்சுகலேட்டே போய் விஸ்காயா பாலத்துல ஒரு தடவை அக்கரைக்குப் போயிட்டு வாங்க. பாலம்னு பேரே தவிர தண்ணி மட்டத்துல ரோடே கிடையாது, 45 மீட்டர் உசரத்துல ஒரு இரும்புச் சட்டம் 160 மீட்டருக்கு ஆத்தைத் தாண்டி நிக்குது, அதுல தண்டவாளம், அதுல ஓடுற சக்கரத்துலேர்ந்து கேபிள்ல ஒரு பெட்டி தொங்குது. நடுவுல 6 கார், ரெண்டு ஓரமும் ஆளுங்க. ஊஞ்சல் மாதிரி ஆடும்னு நினைச்சுதான் ஏறினேன், துளி ஆட்டம் இல்ல, கேபிளையெல்லாம் சாய்வா குறுக்க குறுக்க கட்டியிருக்காங்க, ரெண்டு நிமிஷத்துக்குள்ள அக்கரை வந்துடுச்சு. கூட வந்தவங்க பாதி பேர் வேலைக்குப் போறவங்க, ஒருத்தரும் நிமிர்ந்து பாக்கல!

நெர்வியோன் ஆத்துல கப்பல் உள்ள போய் வரணும், கரையோ தாழ்வு, ரோடை அவ்ளோ உசரத்துக்கு ஏத்தணும்னா சரிவுப்பாதைக்கே ஊர்ல பாதி போயிடும். அதனாலதான் இதை வடிவமைச்ச அல்பெர்டோ தெ பலாசியோ ரோடை மேல ஏத்தாம ரோட்டுல ஒரு துண்டை மட்டும் நகர வச்சார். 1893ல திறந்தது, இந்த வகையில உலகத்துலயே முதல் பாலம். 1937 உள்நாட்டுப் போர்ல மேல் சட்டத்தை வெடி வச்சு ஆத்துல தள்ளிட்டாங்க, 1941ல திரும்ப ஓட ஆரம்பிச்சுது. 2006லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, ஆனா எனக்குப் பெருசாப் படறது இன்னும் ராத்திரி பகலா ஓடறதுதான்.

———

நான் போனது வேல்ஸ்ல நியூபோர்ட், 1906ல இதே மாதிரி பெட்டி தொங்கவிட்டுத் திறந்த பாலம். அங்க அஸ்க் ஆத்துல கடல் ஏத்த இறக்கம் ரொம்ப ஜாஸ்தி, தண்ணி வத்தினா வெறும் சேறு, படகு எப்படி ஓடும்? கிழக்குக் கரை இரும்பு ஆலைக்கு ஆளுங்க போயாகணும்னுதான் கட்டினாங்க. மோட்டார் ரூமை அவசியம் பாருங்க, ரெண்டே ரெண்டு 35 குதிரைசக்தி மோட்டார் ஒரு பெரிய டிரம்ல கேபிளைச் சுத்தி மொத்தப் பெட்டியையும் இழுக்குது. காத்து பலமா அடிச்சா நிறுத்திடுவாங்க, ஓடுதான்னு பாத்துட்டுக் கிளம்புங்க.

———

நல்லாதான் இருக்கு, ஆனா ஒரு நடைக்கு 6 கார்னா இன்னைக்கு டிராஃபிக்குக்கு எப்படிங்க பத்தும்?

———

பத்தாதுங்க, உண்மைதான். அமெரிக்காவுல துலூத்ல 1905ல இதே மாதிரி கட்டி, கார் பெருகினதும் 1930 வாக்குல ரோடையே மேல தூக்குற பாலமா மாத்திட்டாங்க. ஆனா விஸ்காயால நடந்து கடக்கற ஜனம்தான் அதிகம், அவங்களுக்கு இதை விடச் சுருக்கு வழி இல்ல. லிஃப்ட்ல மேல ஏறி சட்டத்து மேலயே நடந்தும் போலாம், அதுக்குத் தனி டிக்கெட்.