அரிசோனாவில் பழைய பிக்கப் கதவு வாங்கி மிச்சிகனில் விற்கலாமா? செய்பவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: கேண்டன்_கராஜ்

வணக்கம். டெட்ராய்ட் பக்கம் இருக்கிறேன். 1970 செவ்ரோலெட் சி10 பிக்கப் ஒன்றை எடுத்து வேலை செய்துகொண்டிருக்கிறேன். இங்கே கிடைக்கும் கதவு, கேபின் எல்லாமே கீழ்ப்பக்கம் உளுத்துப்போனவைதான். அரிசோனாவில் சாண்ட்லரில் இருக்கும் நண்பன் அனுப்பும் படங்களைப் பார்த்தால், ஐம்பது வருஷ வண்டியில் தகரம் புதுசு மாதிரி இருக்கிறது. எனக்குத் தேவையானது போக, கொஞ்சம் கூடுதலாக வாங்கி இங்கே விற்கலாம் என்று யோசனை. எது போகும், எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படி அனுப்புவது?

பதில்: டிங்கரிங்_தம்பி

புது மட்கார்டே தைவானில் செய்து மலிவாக வருகிறதே? பழையதைத் தேடிப் போய் யார் வாங்குவார்கள்?

பதில்: உப்பில்லாத்தகரம்

தம்பி கேட்பது நியாயமான கேள்வி, அதிலிருந்தே தொடங்குகிறேன். ஒஹாயோவில் இருந்துகொண்டு பல வருஷமாக இந்த வேலை செய்கிறேன்.

புது மட்கார்டு மலிவுதான். ஆனால் பானெட்டோடு சேர்த்து மாட்டும்போது இடைவெளி ஒரு முனையில் விரல் நுழையும், மறுமுனையில் உரசும். அதைச் சரிசெய்ய ஆகும் டிங்கரிங் கூலியைக் கூட்டிப் பார்த்தவர்கள் ஒரிஜினல் தகரத்துக்குத் தாராளமாகக் காசு கொடுப்பார்கள். கதவு, டெயில்கேட் (பின்பெட்டியின் பின்கதவு), கேபினின் பின்மூலைகள், கதவுக்கு அடியில் ஓடும் ராக்கர் பட்டை இவைதான் நிற்காமல் போகும். இங்கே முதலில் அழுகுவதும் இவைதான். டெட்ராய்ட் நகருக்கு அடியில் சுமார் 1,200 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கமே ஓடுகிறது. பனிக்கட்டியைக் கரைக்கப் பனிக்காலம் முழுக்க ரோட்டில் கொட்டும் உப்புக் கரைசல் மடிப்புக்குள் ஏறி உட்கார்ந்தால் எந்தத் தகரம் தாங்கும்?

வெயில் ஊரிலிருந்து டாஷ்போர்டு, ரப்பர், சீட் கொண்டுவராதீர்கள். ஃபீனிக்ஸ் வெயில் அதையெல்லாம் வெடிக்கவைத்திருக்கும்.

அரிசோனா நம்பர் பிளேட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ஓய்வு பெற்று அங்கே குடிபோனவர்கள் வடக்கிலிருந்து ஓட்டிப்போன வண்டிகளும் அங்கே நிற்கின்றன. உரம் ஏற்றிய வயல் வண்டியின் பின்பெட்டி பாலைவனத்திலும் அரித்துத்தான் இருக்கும். டெக்சாஸும் அப்படித்தான். லபக், அமரில்லோ பக்கம் காய்ந்த காற்று. ஹூஸ்டன், கார்பஸ் கிறிஸ்டி பக்கம் கடற்காற்று. மாநிலத்தின் பெயரை விட்டுவிட்டு வண்டி எந்த ஊரில் நின்றது என்று கேளுங்கள்.

கதவு வாங்கும்போது நான் செய்வது இது. முதலில் கம்பளி மேல் படுக்கவைப்பேன். வெளிப்பக்கத்தை அப்புறம்தான் பார்ப்பேன். கீழ்விளிம்பில் வெளித்தகரம் உள்தகரத்தின் மேல் மடிந்திருக்கும் இடத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கட்டைவிரலை அழுத்தி ஓட்டுவேன். நல்ல கதவில் அந்த மடிப்பு கோடு போட்டதுபோல் ஒரே தடிமனாக ஓடும். ஓர் இடத்தில் புடைத்திருந்தால் உள்ளே துரு வீங்குகிறது என்று அர்த்தம். அடுத்து, தண்ணீர் வடியும் ஓட்டைக்குள் வளைந்த கம்பியை விட்டுக் கிளறுவேன். வெறும் மண் வந்தால் சந்தோஷம், செதில் செதிலாக வந்தால் விலையே பேசமாட்டேன். கடைசியாக, மெல்லிய துணி சுற்றிய காந்தம். பட்டி பூசிய இடத்தில் அது பிடிக்காமல் நழுவும்.

அந்த மண்ணைச் சும்மா விடாதீர்கள். பாலைவனத்தில் அது வெறும் தூசி, இங்கே வந்து ஈரம் பட்டால் பஞ்சாகத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். காற்றடித்து, கழுவி, நன்றாகக் காயவைத்து, உள்ளே மெழுகு ஸ்ப்ரே அடித்த பிறகுதான் விற்பனைக்கு வைப்பேன். நம்மை நம்பி வாங்குகிற ஆளுக்கு இதைச் செய்தே ஆக வேண்டும். சாண்ட்பிளாஸ்ட் மட்டும் வேண்டாம், மெல்லிய தகரம் வளைந்துவிடும். வெயிலில் வெளுத்த பழைய பெயிண்டை அப்படியே விடுங்கள், அதற்கென்றே வாங்குபவர்கள் உண்டு.

விற்பனை விளம்பரத்தில் வருஷம் சரியாக எழுதுங்கள். 1967 முதல் 72 வரை ஒரே உருவம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் 67-68 பானெட் வேறு, 69-72 பானெட் வேறு. 67 மட்கார்டில் பக்கவாட்டு விளக்குக்கு ஓட்டை இருக்காது. 72 கதவின் உட்பக்கம் தனி ரகம்.

பதில்: ஹைவே40

அனுப்புவது பற்றி மட்டும் சொல்கிறேன். யுபிஎஸ் கூரியரில் நீளமும் சுற்றளவும் சேர்த்து 130 அங்குலம் தாண்டினால் பெரிய பெட்டிக்கான கூடுதல் கட்டணம் விழும். 165 அங்குலமோ 150 பவுண்டோ தாண்டினால் அவர்கள் எடுக்கும் அளவு அதோடு முடிந்தது. டெயில்கேட் நீளம்தான், ஆனால் ஒல்லி என்பதால் தப்பித்துவிடும். கதவைப் பொதியாகக் கட்டிய பிறகு அளந்துவிட்டு விலை சொல்லுங்கள். பின்பெட்டி என்றால் லாரி சரக்குதான். வீட்டு வாசலுக்குக் கேட்டால் கட்டணம் ஏறும், லாரிக் கம்பெனியின் டெர்மினலுக்கே (சரக்கு இறக்கும் இடம்) போய் எடுத்துக்கொள்வது மலிவு. சரக்கு வந்ததும் கையெழுத்துப் போடும் முன் பொதியைப் பிரித்துப் பாருங்கள். என் பானெட் ஒன்று மூலை மடங்கி வந்தது; ரசீதிலேயே அதை எழுதி வாங்கியதால்தான் பணம் திரும்பி வந்தது.

கேண்டன்_கராஜ்

ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். அப்போ டெயில்கேட்டும் கதவும் முதலில். நண்பன் முழுக் கேபின் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறான், வண்டியின் உரிமைப் பத்திரம் இல்லையாம். எடுக்கலாமா?

உப்பில்லாத்தகரம்

வேண்டாம். அந்த மாடலில் வண்டியின் அடையாள எண் தகடு டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் கேபினோடு வரும். அதைக் கழற்றுவது மத்தியச் சட்டப்படி குற்றமாகும், பத்திரம் இல்லாமல் விற்கப் போனால் வாங்குகிறவருக்கும் தலைவலி. பத்திரத்தோடு வேறு கேபின் கிடைக்கும், பொறுமையாகத் தேடச் சொல்லுங்கள். கதவு எடுத்தால் கீழ்மடிப்பைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம் ஒன்று இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.