மெல்ல மிதித்தால் வெட்டுது: டிபிஎஸ்தானா, எப்படி உறுதி செய்வது?

கேள்வி (காரைக்குடி):
கேபிள் ஆக்சிலேட்டர் உள்ள பழைய பெட்ரோல் கார். பள்ளத்தூர், கானாடுகாத்தான் தெருக்கள்ல 30, 40ல மெல்ல மிதிச்சா ஒரு வெட்டு வெட்டிட்டுத்தான் எடுக்குது. அழுத்தி மிதிச்சா சரியாப் போகுது. பிளக், ஏர் ஃபில்டர் புதுசு. செக் என்ஜின் லைட் எரியல. திராட்டில் பொசிஷன் சென்சாரை (டிபிஎஸ்) மாத்தச் சொல்றாங்க. மாத்துறதுக்கு முன்னாடி எப்படிப் பார்க்கிறது?

பதில் 1 (தேவகோட்டை):
அளக்காம மாத்தாதீங்க தம்பி. அதுக்குள்ள இருக்கிறது ஒரு கார்பன் தடம், அது மேல உரசி நகர்ற ஒரு முள். ஆக்சிலேட்டரை மிதிச்சா திறந்து என்ஜினுக்குக் காத்து விடுற தகடுதான் பட்டர்ஃபிளை; அதோட அச்சு திரும்புனா முள்ளும் நகரும். வயர் மூணு: ஈசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) தர்ற 5 வோல்ட், எர்த், சிக்னல். மூடியிருக்கையில சிக்னல் சுமார் 0.5 முதல் 0.9 வோல்ட், முழுசாத் திறந்தா 4.5 பக்கம். உங்க வண்டி மேனுவல்ல உள்ள அளவுதான் முடிவு.

ஊருக்குள்ள ஓட்டுறப்ப கால் எப்பவும் கொஞ்சம்தான் மிதிக்கும். அதனால தடம் அந்த இடத்துலயே தேயுது. முள் அதைக் கடக்கையில வோல்ட் சட்டுனு விழும். காலை எடுத்துட்டதா நினைச்சு ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும். அதுதான் அந்த வெட்டு. கண நேரத்துல சரியாயிடுறதால லைட் எரியாது.

சாவி ஆன், என்ஜின் ஆஃப். கனெக்டரைக் கழட்டாம, பின்பக்கமா சிக்னல் வயர்ல மெல்லிய ஊசி சொருகி மீட்டரின் சிவப்பு முனையைக் கொடுங்க. கறுப்பு பேட்டரி நெகட்டிவ்ல. பட்டர்ஃபிளையைக் கையால பத்துப் பதினஞ்சு விநாடி எடுத்துத் திறங்க. வோல்ட் ஒரே சீரா ஏறணும். டிஜிட்டல் மீட்டர் சின்ன விழுதலைக் காட்டாமலே போகலாம், முள் மீட்டரே நல்லது. திறக்கிறப்பவே சென்சாரை ஸ்க்ரூடிரைவர் பிடியால லேசாத் தட்டுங்க. மீட்டர் முள் ஆடுனா சென்சார் போச்சு.

பதில் 2 (புதுவயல்):
அண்ணன் சொன்னதோட, முதல்ல அந்த 5 வோல்ட் வருதான்னு பாருங்க. குறைஞ்சிருந்தா அதே லைன்ல இருக்கிற மேப் சென்சார் (என்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தத்தை அளக்கிறது) ஷார்ட்டா இருக்கலாம். அதைக் கழட்டிட்டு மறுபடி அளங்க. எர்த் வயர் அறுந்தா சிக்னல் 5 வோல்ட்டை ஒட்டி நிக்கும், ஸ்கேனர்ல பி0123ங்கிற பிழைக் கோடு (சிக்னல் அதிகம்) வரும். 5 வோல்ட் வயரோ சிக்னல் வயரோ அறுந்தா பெரும்பாலும் பி0122 (சிக்னல் குறைவு). கனெக்டர் பின்னுல பச்சை பூத்திருக்கான்னும் பாருங்க. நம்ம செம்மண் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து பட்டர்ஃபிளை ஓரத்துல படிஞ்சாலும் இதே மாதிரி திணறும். அதைத் துணியில கிளீனர் நனைச்சுத் துடைங்க, சென்சாருக்குள்ள அடிச்சிடாதீங்க.

பதில் 3 (திருப்பத்தூர்):
புதுசு போடுறப்ப ஸ்க்ரூ துளை நீளமா இருந்தா, மூடிய நிலை வோல்ட்டை மேனுவல் அளவுக்கு வச்சுட்டு முறுக்குங்க. கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் திராட்டில் வண்டியில இந்தச் சோதனை வேண்டாம்: சாவி ஆன்ல மோட்டார் பட்டர்ஃபிளையை இழுக்கும், விரல் நசுங்கும். அதுல சிக்னல் ரெண்டு, ஸ்கேனர்ல ரெண்டையும் ஒப்பிட்டுத்தான் பார்க்கணும்.