சோர்ஸைச் சொல்லாமல் 85 நாள் சிறை: ஜூடித் மில்லர் செய்தது சரியா?

தாமிரபரணி:
நிருபர் ஒருவர் தன் சோர்ஸ், அதாவது தகவல் தந்தவர், பெயரைச் சொல்லாமல் சிறைக்குப் போனாலே தியாகி என்று மாலை போட்டுவிடுகிறோம். நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜூடித் மில்லருக்கு அந்த மாலை பொருந்தாது என்பது என் கட்சி.

வழக்கு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: நைஜர் நாட்டில் ஈராக் யுரேனியம் வாங்க முயன்றது என்று அமெரிக்க அரசு சொன்ன கதையைக் கேள்வி கேட்டு, முன்னாள் தூதர் ஜோசப் வில்சன் 2003 ஜூலை 6-இல் டைம்ஸில் எழுதினார். ஜூலை 14-இல் பத்தி எழுத்தாளர் ராபர்ட் நோவாக், வில்சனின் மனைவி வேலரி பிளேம் உளவு அமைப்பான சிஐஏவில் இருப்பவர் என்று போட்டு உடைத்தார். யார் கசியவிட்டது என்று விசாரிக்க அந்த டிசம்பரில் பேட்ரிக் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஸ்பெஷல் கவுன்சலாக (தனி அரசு வழக்கறிஞராக) நியமிக்கப்பட்டார். மில்லர் இதைப் பற்றி ஒரு வரிகூட செய்தி எழுதவில்லை. ஆனால் துணை அதிபர் டிக் சேனியின் வலதுகையான லூயிஸ் லிப்பி அவரிடம் பேசியிருந்தார். யாரிடம் பேசினேன் என்று கிராண்ட் ஜூரி (வழக்குப் போட ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கும் குடிமக்கள் குழு) முன்னால் சொல்ல மறுத்ததால் 2005 ஜூலை 6-இல் வர்ஜீனியாவில் அலெக்சாண்ட்ரியா சிறைக்குப் போனார்.

லிப்பி ஊழலை வெளிச்சம் போட்டவரா? இல்லை. அரசைக் குறை சொன்னவரின் வீட்டம்மாவைப் பற்றி மேலிடத்திலிருந்து காதில் ஓதியவர். இப்படிப்பட்ட குற்றத்துக்குச் சாட்சி அதைக் கேட்ட நிருபர் மட்டும்தான். அந்த ஒரே சாட்சிக்கும் வாய்ப்பூட்டு என்றால், அதிகாரத்தில் இருப்பவர்கள் யாரை வேண்டுமானாலும் பத்திரிகையைக் கொண்டு அடிக்கலாம், கேட்க ஆளில்லை.

கூர்முனை:
லிப்பி நல்லவர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சோர்ஸின் யோக்கியதையைப் பார்த்தா பெயர் வெளியிட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறோம்? பேசி முடித்த பிறகுதான் அவர் எப்படிப்பட்டவர் என்றே தெரியும். கொடுத்த வாக்கைப் பிறகு தரம் பிரித்துக் காப்பாற்றுவது என்றால் அது வாக்கே இல்லை.

இது வெறும் தொழில் தர்மமும் அல்ல. 1982-இல் மினசோட்டாவில் டான் கோஹன் என்ற தேர்தல் பிரசார ஆள், எதிர்வேட்பாளர் ஒருவரின் பழைய வழக்கு விவரத்தைப் பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையில் நிருபர்களிடம் கொடுத்தார். அவரும் ஒன்றும் உத்தமர் இல்லை, தேர்தல் நேரத்துச் சேறுதான். இரண்டு நாளிதழ்களின் ஆசிரியர்கள் நிருபர்களின் வாக்கை மீறிப் பெயரைப் போட்டார்கள். அன்றே அவருக்கு வேலை போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்து, வாக்கை மீறிய பத்திரிகைக்குக் கருத்துரிமை கேடயம் ஆகாது என்று 1991-இல் தீர்ப்பாகி, கடைசியில் 2 லட்சம் டாலர் இழப்பீடு நின்றது. ஆக வாக்கை மீறினால் ஒரு நீதிமன்றம் தண்டம் போடுகிறது, காப்பாற்றினால் இன்னொரு நீதிமன்றம் சிறையில் போடுகிறது.

இன்னொன்று. நோவாக்குக்கு முதலில் சொன்னவர் வெளியுறவுத் துறையின் ரிச்சர்ட் ஆர்மிட்டேஜ். அவர் 2003 அக்டோபரிலேயே எஃப்பிஐயிடம் போய் ஒப்புக்கொண்டுவிட்டார். அதாவது மில்லரைச் சிறையில் வைத்தபோது, நோவாக்குக்குச் சொன்னது யார் என்பது ஃபிட்ஸ்ஜெரால்டுக்குத் தெரியும். கசிவுக்காக யார் மீதும் கடைசிவரை குற்றச்சாட்டு இல்லை. லிப்பி மாட்டியது விசாரணையில் பொய் சொன்னதற்கு.

சட்டப்புத்தகம்:
இரண்டு பேரும் தர்மம் பேசுகிறீர்கள், எந்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் பாதிச் சண்டை தீரும்.

அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசு) சட்டத்தில் நிருபருக்கென்று தனிச் சலுகைச் சட்டம் இல்லை. 1972-இல் பிரான்ஸ்பர்க் வழக்கில் 5-க்கு 4 என்று தீர்ப்பு: கிராண்ட் ஜூரி கூப்பிட்டால் நிருபரும் மற்ற குடிமக்களைப் போலச் சாட்சி சொல்லியாக வேண்டும். பால் பிரான்ஸ்பர்க் லூயிவில் நாளிதழ்க்காரர். கஞ்சாவிலிருந்து ஹாஷிஷ் காய்ச்சும் இரண்டு இளைஞர்களை நேரில் பார்த்து எழுதியவர். அந்த ஐந்தில் ஒருவரான நீதிபதி பவல் தனியாக ஒரு சின்னக் குறிப்பு எழுதி, ஒவ்வொரு வழக்கையும் எடைபோட்டுப் பார்க்கலாம் என்று கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்தார். அந்தச் சந்தில்தான் ஐம்பது வருடமாக வக்கீல்கள் நுழையப் பார்க்கிறார்கள்.

மாநிலங்களில் நிலைமை வேறு. மேரிலாண்ட் 1896-இலேயே சட்டம் போட்டுவிட்டது. கலிஃபோர்னியாவில் மாநில அரசியலமைப்பிலேயே பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் ஃபெடரல் குற்ற விசாரணையில் அந்த மாநிலச் சட்டம் கைகொடுக்காது. நிருபர்கள் தடுக்கி விழும் இடம் இது.

சப்போனா (சாட்சி சொல்லவோ ஆவணம் தரவோ சொல்லும் ஆணை) வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, நேரில் வந்து சாட்சி சொல்லச் சொல்கிறதா, நோட்டுப் புத்தகம், மின்னஞ்சல், ஒலிப்பதிவு கேட்கிறதா, இரண்டுமா என்பது. அது கைக்கு வந்த பிறகு ஒரு தாளைக்கூடக் கிழிக்கக்கூடாது. ரகசியம் காப்பது ஒன்று, ஆதாரத்தை அழிப்பது வேறு. பின்னதற்கு 20 வருடம் வரை தண்டனை உள்ள தனிச் சட்டப்பிரிவே இருக்கிறது. பிறகு சப்போனாவை ரத்து செய்ய மனு. அது தள்ளுபடியானால் நீதிபதியின் நேரடி உத்தரவு. அதையும் மறுத்தால்தான் நீதிமன்ற அவமதிப்பு. மில்லருக்கு 2004 அக்டோபரில் அவமதிப்புத் தீர்ப்பு வந்தும் ஒன்பது மாதம் வெளியில் இருந்தது, மேல்முறையீடு முடியும்வரை உத்தரவை நிறுத்தி வைத்ததால்.

இந்தச் சிறை தண்டனை அல்ல, நெருக்கடி. சொன்னால் அந்த நிமிடமே விடுதலை. அதனால்தான் இதற்கு மேல்வரம்பு உண்டு: அந்த கிராண்ட் ஜூரியின் ஆயுள் வரை, எப்படிப் போனாலும் 18 மாதத்துக்குள். மில்லர் வழக்கின் கிராண்ட் ஜூரி 2005 அக்டோபர் 28-இல் முடிய இருந்தது. ஆனால் புது கிராண்ட் ஜூரி கூட்டி மறுபடி அழைக்கலாம், குற்றவியல் அவமதிப்பு என்று தனி வழக்கும் போடலாம். 'பல்லைக் கடித்துக்கொண்டு அக்டோபர் வரை இருந்தால் போதும்' என்ற கணக்கு தப்பாகப் போகக்கூடியது.

தாமிரபரணி:
விளக்கத்துக்கு நன்றி. இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். பாதுகாப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எடைபோட வேண்டும் என்கிறேன். 2005 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி டேவிட் டாட்டல் இதைத்தான் செய்தார். நிருபருக்குச் சலுகை உண்டு என்றே அவர் எழுதினார். ஆனால் கசிவால் வரும் சேதத்தையும் அந்தச் செய்தியின் பயனையும் தராசில் வைத்தால், இந்த வழக்கில் சலுகை தோற்கிறது என்றார். சிஐஏ அதிகாரியின் அடையாளம் போனது பெரிய சேதம், செய்தியாக அதில் பொதுமக்களுக்குக் கிடைத்தது அற்பம்.

பெயர் மறைப்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டாமா? 2003 ஜூலை 8 சந்திப்பில் லிப்பி தன்னை 'முன்னாள் நாடாளுமன்ற ஊழியர்' என்று குறிப்பிடச் சொன்னார். மில்லர் சரி என்றார், இதை அவரே பிறகு எழுதியிருக்கிறார். லிப்பி ஒரு காலத்தில் அங்கே வேலை பார்த்தவர், அந்த அளவில் பொய்யில்லை. ஆனால் வெள்ளை மாளிகையிலிருந்து வரும் அடி வேறெங்கிருந்தோ வருவதாக வாசகர் நினைக்க வேண்டும் என்பதற்குத்தானே அந்த ஏற்பாடு? சோர்ஸைக் காப்பது வேறு, வாசகரை ஏமாற்றுவது வேறு.

கூர்முனை:
அந்த 'முன்னாள் ஊழியர்' ஏற்பாட்டை நானும் ஆதரிக்க மாட்டேன். 'மூத்த அரசு அதிகாரி' என்பதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் நோட்டை மூடிவிட்டு எழுந்திருக்க வேண்டும்.

ஆனால் தராசு விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை. தராசைப் பிடிப்பது யார்? நீதிபதி. எப்போது? பேசி இரண்டு வருடம் கழித்து. அரசாங்கம் மூடிய உறையில் நீட்டும் காகிதத்தைப் பார்த்து, எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பார்க்க முடியாத நிலையில். டாட்டல் தீர்ப்பிலேயே சில பக்கங்கள் அன்று வெள்ளையாகத்தான் வெளிவந்தன. சோர்ஸ் முடிவெடுப்பது வாயைத் திறக்கும் நிமிடத்தில். 'நீதிபதி பிறகு எடைபோட்டுச் சொல்வார்' என்றால் சிறைச்சாலை அவலத்தைச் சொல்ல வரும் வார்டன்கூட வாயைத் திறக்க மாட்டார்.

நடுச்சாமம்:
மன்னிக்கவும், நீங்கள் எல்லாரும் 2005-லேயே நிற்கிறீர்கள். இன்றைக்கு சோர்ஸைக் கண்டுபிடிக்க நிருபர் வாயே தேவையில்லை.

அதே நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரைசன் வழக்கைப் பாருங்கள். ஈரான் பற்றிய சிஐஏ நடவடிக்கையை 2006-இல் வெளியான தன் நூலில் எழுதினார். சோர்ஸைச் சொல்லு சொல்லு என்று ஏழு வருடம் இழுத்தார்கள். 2014 ஜூனில் உச்ச நீதிமன்றம் மனுவை எடுக்கவே மறுத்தது. சிறை உறுதி என்றிருந்தபோது 2015 ஜனவரியில் அரசே 'உங்கள் சாட்சி வேண்டாம்' என்று விட்டுவிட்டது. மனம் இரங்கியதாக நினைக்க வேண்டாம். ரைசனுக்குத் தகவலைக் கசியவிட்டதில் முன்னாள் சிஐஏ ஊழியர் ஜெஃப்ரி ஸ்டெர்லிங் குற்றவாளி என்று அதே மாதம் ஜூரி சொன்னது. ஆதாரம் பெரும்பாலும் இருவருக்கும் இடையே போன தொலைபேசி அழைப்புகள், மின்னஞ்சல்களின் பதிவு. என்ன பேசினார்கள் என்பது இல்லை, எப்போது, எத்தனை நிமிடம் என்பதுதான். 42 மாதம் சிறை. ரைசன் வாக்குக் காப்பாற்றினார், ஸ்டெர்லிங் உள்ளே போனார்.

2017-இல் இன்னொரு உளவு அமைப்பான என்எஸ்ஏவின் ஆவணத்தைக் கசியவிட்ட ரியாலிட்டி வின்னர் இன்னும் மோசம். வெளியிடுவதற்கு முன் உண்மைதானா என்று சரிபார்க்க, தி இன்டர்செப்ட் என்ற செய்தித் தளம் அந்தத் தாள்களின் நகலை அரசிடமே காட்டியது. தாளில் மடிப்புக் கோடு. அப்படியானால் அச்செடுத்துக் கையில் கொண்டு போயிருக்கிறார்கள். யார் யார் அச்செடுத்தார்கள் என்று உள்பதிவைப் பார்த்தால் ஆறு பேர். அந்த ஆறில் ஒருவரின் அலுவலகக் கணினியிலிருந்து மட்டும் அந்தச் செய்தி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது. முடிந்தது கதை, 63 மாதம். இது போதாதென்று வெளியிட்ட பக்கங்களில் கலர் பிரிண்டர் போடும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளும் அப்படியே இருந்தன. நீல வெளிச்சத்தில் பார்த்தால் பிரிண்டரின் வரிசை எண்ணும் அச்சான நாளும் நேரமும் வந்துவிடும்.

ஆகவே ஆவணம் கிடைத்தால் மூலப்படியைப் படமாகப் போடாதீர்கள், திருப்பித் தட்டச்சு செய்து வெளியிடுங்கள். சரிபார்க்க அதிகாரிகளிடம் போகும்போது உள்ளடக்கத்தைக் கேளுங்கள், தாளை நீட்டாதீர்கள். முதல் தொடர்பே அலுவலகப் போனிலோ அலுவலக மின்னஞ்சலிலோ வந்திருந்தால், அதன்பின் சிக்னல் என்ற ரகசியச் செய்திச் செயலிக்கு மாறியும் பெரிய பயனில்லை. அந்த முதல் அழைப்பு பதிவாகிவிட்டது.

கூர்முனை:
சரிதான், ஆனால் அதனால் சட்டப் பாதுகாப்பு தேவையற்றது என்று ஆகாது, இன்னும் அகலமாக வேண்டும் என்றுதான் ஆகும். 2013-இல் தெரியவந்தது: ஏபி செய்தி நிறுவனத்தின் 20-க்கும் மேற்பட்ட தொலைபேசி இணைப்புகளின் இரண்டு மாதப் பதிவை நீதித்துறை அமைச்சகம் சத்தமில்லாமல் எடுத்திருக்கிறது. ஏபிக்குத் தகவல் சொன்னது எல்லாம் எடுத்த பிறகு. எதிர்த்து மனுப்போடவே வழியில்லை. பிரெஸ் ஆக்ட் என்ற மசோதா, நிருபரிடம் மட்டுமல்ல, தொலைபேசி, மின்னஞ்சல் நிறுவனங்களிடமும் அரசு இப்படி வாங்குவதைக் கட்டுப்படுத்தப் பார்த்தது. 2024 ஜனவரியில் பிரதிநிதிகள் சபையில் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது, டிசம்பரில் செனட்டில் முடங்கியது.

அமைச்சகத்தின் உள்விதி இருக்கிறதே என்பார்கள். 2021-இல் அட்டர்னி ஜெனரலாக (அந்த அமைச்சகத்தின் தலைவராக) இருந்த மெரிக் கார்லண்ட் நிருபர்களின் பதிவுகளை எடுக்கக்கூடாது என்றார், 2022-இல் அதை விதியாக்கினார். 2025 ஏப்ரலில் அதே பதவியில் இருந்த பாம் பாண்டி அதை ரத்து செய்தார். ஒருவர் போடும் விதி, அடுத்தவர் அழிக்கும் விதி.

மாலதி_க:
படித்துக்கொண்டே வந்தேன், ஒரு சந்தேகம். நம்ம ஊரில் இதற்குச் சட்டம் உண்டா?

சட்டப்புத்தகம்:
ஒரே ஒரு வரி உண்டுங்க. 1978 பிரஸ் கவுன்சில் சட்டம் 15(2): தகவல் மூலத்தைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அது பிரஸ் கவுன்சில் நடத்தும் விசாரணைக்கு மட்டும். நீதிமன்றத்துக்கோ காவல்துறைக்கோ அது பொருந்தும் என்று சட்டத்தில் எழுதவில்லை. சாட்சியச் சட்டத்தில் 132ஏ என்று ஒரு பிரிவு சேர்க்கலாம் என்று சட்ட ஆணையம் தன் 93-ஆவது அறிக்கையில் 1983-இல் சொன்னது. 2023-இல் சாட்சியச் சட்டத்தையே புதிதாக எழுதியபோதும் அதைச் சேர்க்கவில்லை. இங்கே சப்போனா, அவமதிப்பு என்று அவ்வளவு தூரம் போவதும் குறைவு, நேராகப் போனை வாங்கிவிடுவார்கள். அண்ணா பல்கலைக்கழக வழக்கின் எஃப்ஐஆர் கசிந்த விவகாரத்தில் சென்னை நிருபர்களின் போன்களைச் சிறப்புப் புலனாய்வுக் குழு கைப்பற்றியது, 2025 பிப்ரவரியில் திருப்பிக் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். போன் போனால் ஒரு வழக்கின் சோர்ஸ் மட்டும் போவதில்லை, அந்த நிருபரின் அத்தனை வருடத்துச் சோர்ஸும் போகிறது.

தாமிரபரணி:
மில்லர் கடைசியில் எப்படி வெளியே வந்தார் என்பதையும் சொல்லிவிடுங்கள். 2005 செப்டம்பரில் லிப்பியே கடிதம் எழுதி, போனிலும் பேசி, 'சொல்லலாம்' என்றார். 29-ஆம் தேதி விடுதலை, மறுநாள் சாட்சி. லிப்பியின் வக்கீலோ, இந்த அனுமதியை ஒரு வருடம் முன்பே தெரிவித்துவிட்டோமே என்றார். அப்படியானால் 85 நாள் எதற்கு?

கூர்முனை:
முன்பே இருந்தது வெள்ளை மாளிகை ஊழியர்களிடம் மொத்தமாகக் கையெழுத்து வாங்கிய பொது அனுமதிப் படிவம். கையெழுத்துப் போடாவிட்டால் வேலை போகும் என்ற நிலையில் வாங்கியது அனுமதி ஆகுமா? மில்லர் கேட்டது, லிப்பியே தன் வாயால் தனக்குச் சொல்ல வேண்டும் என்று. கேள்விகள் லிப்பியோடு நிற்கும் என்று ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒப்புக்கொண்டதும் சேர்ந்துதான் அவர் வெளியே வந்தார். மற்ற சோர்ஸ்கள் தப்பினார்கள்.

தாமிரபரணி:
அந்தக் கேள்வியை முதல் சந்திப்பிலேயே கேட்டிருக்கலாம் என்கிறேன். பெயரை மட்டும் மறைக்கிறோமா, பேச்சு நடந்ததையே மறைக்கிறோமா, நீதிமன்றம் கேட்டால் எதுவரை, நீங்கள் பொய் சொன்னதாகத் தெரிந்தால் ஒப்பந்தம் முறியுமா. இந்த நாலையும் பேசாமல் 'ஆஃப் த ரெக்கார்ட்' என்று தலையாட்டிவிட்டு, பிறகு சிறையில் உட்கார்ந்து வக்கீல்களை வைத்துப் பேரம் பேசியது யார் தப்பு? எழுதி வைத்துக்கொள்ளலாமே.

சட்டப்புத்தகம்:
பேசுங்கள், எழுதாதீர்கள். எழுதினால் அதுவே சப்போனாவில் கேட்கப்படும் முதல் தாள். இந்த வழக்கிலேயே டைம் வார இதழின் மேத்யூ கூப்பர் சோர்ஸைக் காப்பேன் என்று நின்றார். ஆனால் அவர் குறிப்புகளும் மின்னஞ்சலும் கம்பெனி வசம். நாளுக்கு 1,000 டாலர் அபராதம், உச்ச நீதிமன்றமும் கைவிட்டது என்றதும், அதன் தலைமை ஆசிரியர் நார்மன் பெர்ல்ஸ்டைன் எல்லாவற்றையும் ஃபிட்ஸ்ஜெரால்டிடம் ஒப்படைத்தார். நிருபர் கொடுத்த வாக்கு கம்பெனி சர்வரில் இருந்தால் அதைக் காப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது நிருபர் இல்லை.