மறு: டூயல் பூட் – ‘இரட்டைத் துவக்கு’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்து, தொடங்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் டூயல் பூட். மொழிபெயர்ப்புக் கோப்பில் அதற்கு என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்று பேசும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதே வேலையை வீட்டுக் கணினியில் செய்துகொண்டிருந்ததுதான் காரணம். விண்டோஸ் இருந்த வட்டில் கொஞ்சம் இடம் சுருக்கி, அந்த இடத்தில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். முடித்த கையோடு எழுதுகிறேன்.

> ‘பூட்’ என்றே எழுதலாமே, எல்லாருக்கும் புரிகிறதே?

பேச்சில் புரியும். எழுத்தில் வேற்றுமை உருபு ஏறியதும் அது பூட்டு ஆகிவிடுகிறது. ‘டூயல் பூட்டை நீக்குவது எப்படி’ என்று உதவிப் பக்கத்துக்குத் தலைப்பு வைத்தால் சாவியைத் தொலைத்தவர்தான் வந்து நிற்பார். பக்கத்திலேயே ‘செக்யூர் பூட்’ (நம்பகமான நிரலை மட்டும் தொடங்கவிடும் வசதி) வேறு. அதை ‘பாதுகாப்புப் பூட்டு’ என்றே ஒருவர் மொழிபெயர்த்து வைத்திருந்ததைத் திருத்தியவன் நான்.

> இரட்டைத் துவக்கு

இதற்குத்தான் இங்கே ஆதரவு அதிகம். ஆனால் ஈழத் தமிழில் துவக்கு என்றால் துப்பாக்கி. இரட்டைக்குழல் நினைவு வராமல் அவர்கள் இதைப் படிக்க முடியாது. மொழிபெயர்ப்புக் கோப்பு எல்லாத் தமிழருக்கும் ஒன்றுதானே! ‘மறுதொடக்கம்’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அந்தக் குடும்பத்திலேயே இருப்போம். தொடக்கம் என்றே வைத்துக்கொள்வோம்.

> பூட் = எழுப்பு. உறங்கும் கணினியை எழுப்புகிறோம்.

அழகான சொல்தான். ஆனால் உறக்கநிலையிலிருந்து மீள்வதற்கு அது ஏற்கெனவே வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதை இந்த வாரம் கண்ணாரக் கண்டேன். உபுண்டுவிலிருந்து விண்டோஸ் பாகத்தைத் திறந்தால் படிக்க மட்டும்தான் விட்டது, எழுத விடவில்லை. விண்டோஸ் 8 முதல், அதாவது 2012 முதல், ‘விரைவுத் தொடக்கம்’ என்று ஒரு வசதி உண்டு. ‘அணை’ என்று சொன்னாலும் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலின் நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் போகும். அடுத்த முறை பாதி விழிப்பு, பாதி தொடக்கம். பாதி உறக்கத்தில் இருப்பவரின் அறையில் சாமானை நகர்த்தக்கூடாது என்று லினக்ஸ் ஒதுங்கிக்கொள்கிறது. ‘மறுதொடக்கம்’ கொடுத்தால் அந்த மிச்சம் இல்லாமல் முழுதாகத் தொடங்கும். இப்படி விழிப்பும் தொடக்கமும் ஒரே இடத்தில் மோதும்போது இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் உதவிக்குறிப்பே எழுத முடியாது.

> ஈரியங்குதளம்

புணர்ச்சி கச்சிதம், ஈருருளி போல. ஆனால் என் பெரிய மறுப்பே இதன்மேல்தான். இச்சொல்லைக் கேட்பவர் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுவதாக நினைப்பார். அது மெய்நிகர் கணினியின் வேலை: ஒன்றின்மேல் இன்னொன்று, இரண்டும் உயிரோடு. நாம் பேசுவதில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். தொடங்கும்போது கறுப்புத் திரையில் நாலு வரி. என் கணினியில் பத்து நொடி எண்ணுகிறது, அதற்குள் அம்புக்குறியைத் தொடாவிட்டால் முதல் வரியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஒன்று வந்துவிட்டால் மற்றது வெறும் கோப்புகள்தான்.

கடிகாரக் குழப்பமும் இதனால்தான். தாய்ப்பலகையில் இருக்கிற ஒரே கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று படிக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரம் என்று படிக்கிறது. ஒன்று சரிசெய்துவிட்டுப் போக, அடுத்தது வந்து கலைக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தால் பேசித் தீர்த்துக்கொள்வார்கள், சந்திப்பதே இல்லையே!

> கவைத் தொடக்கம்

சொன்ன ஐயாவுக்கு நன்றி. வழி இரண்டாகப் பிரிகிற இடம் என்ற பொருளில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனால், ஐயா, ‘கவை’ இன்று பலருக்கும் தெரியாது, பொத்தானுக்கு அடிக்குறிப்பு போட முடியாதே. ‘தேர்தொடக்கம்’ என்ற வினைத்தொகையையும் நானே யோசித்து, நானே கைவிட்டேன். வடம் பிடிக்க ஆள் கேட்கும்.

சரி, என் முன்மொழிவு: இருதளத் தொடக்கம். மூன்று நான்கு இருந்தால் பல்தளத் தொடக்கம். ‘இரு’ என்பது தொடக்கத்தோடு நிற்கிறது, ஓட்டத்துக்குப் போகவில்லை. மாடிவீடு போல ஒலிக்கிறது என்பார்கள், ஒலிக்கட்டும். தேர்ந்தெடுக்கும் பொருளை இந்த ஒரு சொல்லே சுமக்க வேண்டியதில்லை, அந்தக் கறுப்புத் திரைக்குக் கொடுத்துவிடலாம்: தளத்தேர்வுப் பட்டி. ‘தொடக்கப் பட்டி’ என்று வைத்தால் விண்டோஸின் மூலையில் இருக்கிற பட்டியோடு குழம்பும்.

இயங்குதளத்தைக் கொண்டுவரும் சிறு நிரலான பூட் லோடருக்குத் ‘தொடக்கி’ என்றார்கள். பழைய முறையில் வட்டின் முதல் 512 பைட்டில் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட். மிச்சம் பாகங்களின் அட்டவணைக்கும் முடிவுக் குறிக்கும். ‘தொடக்கம்’ என்ற சொல்லை யூனிகோடில் (யூடிஎஃப்-8 முறையில்) எழுதவே 24 பைட் ஆகிறது, அப்படியே 18 முறை எழுதினால் இடம் காலி! அவ்வளவு சிறிய நிரல் எதையும் தொடக்காது, அடுத்ததை நினைவகத்தில் ஏற்றிவிட்டு விலகும். கடைசியாக ஏற்றப்படுவது இயங்குதளத்தின் கெர்னல். ஆகவே தளமேற்றி. யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறை உள்ள கணினிகளில் இந்த இட நெருக்கடி இல்லை. தனியாக ஃபேட்32 என்ற கோப்பு வடிவத்தில் இருக்கிற ஒரு பாகத்தில் ஒவ்வொரு தளமும் தன் ஏற்றியைத் தன் அடைவில் வைத்துக்கொள்கிறது. செய்யும் வேலை அதேதான்.

பார்டிஷனுக்குப் ‘பகிர்வு’ வேண்டாம், அது ஷேர் பொத்தானுக்குப் போய்விட்டது. ‘பாகம்’ போதும். சொத்து மாதிரிதான் பிரிக்கிறோம், தகராறும் அதே மாதிரிதான் வருகிறது.

கடைசியாக ஒன்று. நிறுவும்போது வருகிற தேர்வுகளில் ஒன்றை ‘விண்டோஸுக்கு அருகில் நிறுவு’ என்று வரைவில் பார்த்தேன். அந்தத் திரையில் பயனரின் பயம் ஒன்றே ஒன்று: இருப்பது போய்விடுமா? அதனால் ‘விண்டோஸை வைத்துக்கொண்டே நிறுவு’ என்றும், அதன் கீழே இருப்பதை ‘வட்டை முழுவதும் அழித்துவிட்டு நிறுவு’ என்றும் மாற்றியிருக்கிறேன். ‘முழுவதும்’ தேவையா என்று மட்டும் சொல்லுங்கள், பொத்தானில் இடம் கொஞ்சம் இடிக்கிறது.