88 லாண்ட் ரோவருக்கு முன் பிரேக் சாமான்: புதுசா, லேத்தா, 11 இஞ்சியா?

வவுணதீவான்:
அப்பாட வண்டி, 1967 லாண்ட் ரோவர், சீரிஸ் 2ஏ, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில 88 இஞ்சி உள்ள கட்டை வண்டி. உன்னிச்சைப் பக்கம் வயலுக்கு ஓடுறது. பிரேக் அடிச்சா இடப்பக்கம் இழுக்குது. இப்ப வலது முன் வீல் சிலிண்டர் (மிதிச்சா சில்லுக்குள்ள பிரேக்கைத் தள்ளிற சிலிண்டர்) கசியவும் தொடங்கிட்டுது. ‘67 மொடல்’ எண்டு சொல்லிக் கொழும்பில இருந்து ஒரு சிலிண்டர் எடுப்பிச்சன். பழைய பைப் நட்டு அதில ரெண்டு சுத்துக்கு மேல போகுதில்ல. டெப் அடிச்சு, புதுப் புரி வெட்டிப் பூட்டலாமா?

எழுவான்கரை கராஜ்:
தம்பி, டெப் அடிச்சிடாதீங்க. இந்த வண்டிகள்ல காலத்துக்குக் காலம் புரி மாறியிருக்கு. பிஎஸ்எஃப், யுஎன்எஃப் எண்டுறது இஞ்சிக் கணக்குப் புரி வகைகள். பழைய பிஎஸ்எஃப் 3/8 எண்டா இஞ்சிக்கு 20 புரி. யுஎன்எஃப் 3/8 எண்டா 24. பிறகு வந்த மெட்ரிக் 10 மில்லி, புரிக்குப் புரி 1 மில்லி. யுஎன்எஃப் நட்டு 9.5 மில்லிதான், மெட்ரிக் ஓட்டைக்குள்ள தளதளவெண்டு இறங்கும், கடைசியில இறுகின மாதிரியும் காட்டும். பலமா மிதிக்கிற அண்டைக்குப் பிடுங்கிக்கொண்டு வந்திடும். உங்களுக்கு இறங்காமல் நிண்டது நல்லதுக்கு.

வருசத்தைச் சொல்லிச் சாமான் கேட்கவே கூடாது. அம்பது வருசத்துக்கு மேல ஓடின வண்டி, எத்தினை கை பட்டிருக்கோ. நாலு ட்ரம்மையும் (சில்லோட சுத்திற பிரேக் மூடி) கழட்டி, உள்ளுக்கு இருக்கிற சிலிண்டரை அளந்துபோட்டுக் கேளுங்க.

சம்மாந்துறை லேத்:
அளக்கிறது சரி, அதை ஒத்துக்கொள்றன். ஆனா ஏன் புதுசு? அந்தப் பழைய கேர்லிங் கொம்பனிச் சிலிண்டர்ட வார்ப்பிரும்பு இண்டைக்கு வாற கொப்பிச் சாமான்ல இல்ல. உள்ளுக்கு அரிச்சிருந்தா ஓட்டையைக் கடைஞ்சு பெருசாக்கி, ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் எண்டுற மெல்லிய குழாயை இறக்கி, பழைய அளவுக்கே தேய்ச்சு மினுக்கி, புது ரப்பர் போடலாம். புரிப் பிரச்சினையும் வராது, அது வண்டிட சொந்த உடம்புதானே. ட்ரம்மில போய் அமருற சூவுக்கும் அதில ஒட்டின லைனரை இஞ்சயே அடிக்கலாம்.

பதினெட்டு வளைவு:
ரெண்டு பேரும் இந்த வண்டிட 10 இஞ்சி ட்ரம்மையே கட்டிப்பிடிக்கிறீங்க. மகியங்கனை ரோட்டால பதினெட்டு வளைவு இறங்கிப் பாருங்க, ட்ரம் சூடேறிப் பிடி விட்டிடும், வண்டி நிக்காது. நீளமான 109 இஞ்சி லாண்ட் ரோவர்ட முன் பிரேக்கை எடுத்து மாத்து மச்சான். 11 இஞ்சி ட்ரம், சக்கரத்துக்கு ரெண்டு சிலிண்டர், ரெண்டு சூவும் சுழற்சியோட சேர்ந்து தானே இறுகும்.

எழுவான்கரை கராஜ்:
முன்னுக்குப் போகேக்க இறுகும். ரிவேர்ஸ்ல அந்த ரெண்டு சூவும் எதிர்ப்பக்கமாகி பிடி குறைஞ்சிடும். குளக்கட்டில பின்பக்கமா இறங்கிற வயல் வண்டிக்கு இதையும் யோசிக்கோணும். ரெண்டு சிலிண்டருக்கு பிரேக் ஒயில் கூடத் தேவை, அப்ப மிதியில இருந்து ஒயிலைத் தள்ளிற மாஸ்டர் சிலிண்டரும் மாறோணும். தம்பி கேட்டது ஒரு சிலிண்டர்.

லேத் காக்காட வேலையில எனக்கு மதிப்பிருக்கு. எண்டாலும் ஸ்லீவ் வேலை எல்லாக் கையிலயும் வராது. ரப்பர் ஓடுற சுவர்ல நகத்துக்குத் தட்டுற ஒரு கீறல் போதும் திரும்பக் கசிய. புதுசு எடுத்தா இடம், வலம் பார்த்து எடுக்கோணும், ரெண்டும் வேற. எயார் எடுக்கிற நிப்பிள் மேல் பக்கம் வரோணும், இல்லாட்டி எவ்வளவு மிதிச்சாலும் காத்து உள்ளேயே கிடக்கும்.

சம்மாந்துறை லேத்:
கீறலோட வேலையைக் குடுக்கிறவன் லேத் வைச்சிருக்கக் கூடாது. அதை விடுங்க. தம்பி, பழைய லைனர்ல அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். கொம்ப்ரஸர் காத்தடிச்சுத் துப்புரவாக்காதீங்க, தண்ணியில நனைச்ச துணியால துடைச்சு எடுங்க. பிரிட்டன்ல 1999இல் தடை செய்த சாமான் அது. எங்கட பழைய ஆக்கள் அந்தத் தூசியைச் சும்மா ஊதி ஊதி வேலை செய்தவங்க, நினைச்சா இப்பவும் மனசு பதறுது.

வவுணதீவான்:
நேற்று நாலையும் கழட்டினன். முன்னுக்கு இடப்பக்கச் சிலிண்டர்ட உள் விட்டம் 1.25 இஞ்சி. வலப்பக்கம் 1 இஞ்சி! பின்னுக்கு ரெண்டும் 1 இஞ்சி. கசிய முதலே இழுவை இருந்தது, அப்பாவும் சொல்றவர். எப்பவோ ஆரோ பின் சிலிண்டரை முன்னுக்குப் பூட்டியிருக்கினம் போல.

எழுவான்கரை கராஜ்:
பிடிபட்டுது. ஒயில் அமுக்கம் ரெண்டு பக்கமும் ஒண்டுதான், பிஸ்டன்ட பரப்புத்தான் வேற. 1.25ஐ 1.25ஆல பெருக்கினா 1.56. இடது சூவை வலதை விட ஒண்டரை மடங்குக்கு மேல தள்ளியிருக்கு. லைனர் மாத்தி, ட்ரம் கடைஞ்சு, என்ன செய்திருந்தாலும் இழுவை போயிருக்காது.

பதினெட்டு வளைவு:
சரி, இதுக்கு 11 இஞ்சி தேவையில்ல. மலைக்கு ஏத்துறதெண்டா திரும்பக் கதைப்பம்.

சம்மாந்துறை லேத்:
அந்த 1 இஞ்சியைக் கழட்டி வைங்க, கசிவைத் திருத்தினா பின்னுக்கு ஒரு நாள் உதவும். இடது 1.25 உடம்பு நல்லமெண்டா கொண்டு வாங்க, பார்த்துச் சொல்றன். வலதுக்குப் புதுசுதான் எடுக்கோணும், அதில நான் அண்ணரோட சண்டைக்கு நிக்கேல்ல.

எழுவான்கரை கராஜ்:
நான் ரெண்டையும் புதுசா, ஒரே தயாரிப்பில எடுக்கத்தான் சொல்லுவன். பழைய நட்டையும் கடைக்குக் கொண்டுபோய், கையால முழுசாச் சுத்திப் பார்த்துட்டுக் காசைக் குடுங்க. ஒயில் நனைஞ்ச லைனரைக் கழுவிப் போடாதீங்க. முன்னுக்கு ரெண்டு பக்கமும் ஒண்டா மாத்துங்க.

வவுணதீவான்:
ஓம் அண்ணே, ரெண்டும் புதுசு. காக்கா, இடதைக் கொண்டு வாறன், ஸ்லீவ் போட்டு அவசரத்துக்கு வைச்சிருப்பம். பூட்டினதும் வயல் ரோட்டிலதான் முதல்ல ஓட்டிப் பார்ப்பன், கல்லடிப் பாலப் பக்கம் பிறகு.