வெளிநாட்டு மாணவர்களுக்கு நம் பல்கலைக்கழக நூலகங்கள் என்ன செய்யலாம்?

ஏடுகாப்போன் (கேள்வி):

நூலகத் துறை நண்பர்களுக்கு வணக்கம். தமிழ்நாட்டிலுள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் உதவி நூலகராகப் பணியாற்றி வருகிறேன். எத்தியோப்பியா, தான்சானியா, நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் எங்களிடம் மாணவர்கள் வருகிறார்கள். சேர்க்கை முடிந்த முதல் வாரத்திலேயே அவர்களுக்கென ஒரு மணி நேர அறிமுக வகுப்பு நடத்துகிறோம். எல்லாரும் தலையசைத்துக் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

சென்ற மாதம், ஆய்வில் இரண்டாம் ஆண்டிலிருக்கும் எத்தியோப்பிய மாணவர் ஒருவர், ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் கைக்காசு கொடுத்து இணையத்தில் வாங்கியதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைத் தர மத்திய அரசு 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின் கீழ் கிடைக்கும் ஏறத்தாழ 13,000 இதழ்களில் அந்த இதழும் ஒன்று. எங்கள் வளாகக் கணினியிலேயே அவர் அதை இலவசமாக இறக்கியிருக்கலாம். ஏன் எங்களிடம் கேட்கவில்லை என்றேன். “இதையெல்லாம் உங்களிடம் கேட்கலாம் என்று எனக்குத் தெரியாது” என்றார். அன்றிலிருந்து அது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வசதிகள் இருந்தும் அவை இவர்களைச் சென்று சேராதபோது நூலகம் என்ன செய்ய வேண்டும்?

வைகைக்கரை:

முதலில் அந்த அறிமுக வகுப்பின் நாளை மாற்றுங்கள். நேபாளத்தவர் நீங்கலாக மற்றவர்கள் வந்திறங்கிய 14 நாள்களுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். அலைபேசி இணைப்பு, வங்கிக் கணக்கு, விடுதி அறை என்று அலைந்துகொண்டிருப்பவர் காதில் தரவுத்தளங்களின் பெயர்கள் ஏறா. முதல் ஒப்படைப்பு எழுத வேண்டிய ஆறாவது, ஏழாவது வாரத்தில், நான்கைந்து பேராக அழைத்து, அவரவர் தலைப்பையே தேடிக் காட்டுங்கள்.

நான் இங்கிலாந்தில் ஓராண்டு முதுகலை படித்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். ஒரு பாடத்துக்கு மட்டும் அறுபது நூல்கள் கொண்ட வாசிப்புப் பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். அத்தனையையும் அட்டை முதல் அட்டை வரை படித்தாக வேண்டும் என்று எண்ணி, ஒரு மாதம் இரவெல்லாம் கண்விழித்தேன். எங்கள் துறைக்கென அமர்த்தப்பட்டிருந்த நூலகர் அதைக் கேள்விப்பட்டு, தாமே என் மேசைக்கு வந்து, பென்சிலால் ஏழு நூல்களைக் குறித்து, அவற்றிலும் எந்தெந்த அத்தியாயம் போதும் என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு ஆங்கிலம் தெரியும். பட்டியலை எப்படிப் படிப்பது என்பதுதான் தெரிந்திருக்கவில்லை. தெரியாதது எது என்றே தெரியாதவன் எதைக் கேட்பான்? உங்கள் எத்தியோப்பிய மாணவரின் நிலையும் அதுதான். துறைக்கு ஒரு நூலகர் என்று பெயரளவிலேனும் பொறுப்புக் கொடுத்து, அவரை மாணவர்களைத் தேடிப் போகச் சொல்லுங்கள்.

யாழ்வாசகி:

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தமிழ்நாட்டில் ஆய்வு செய்பவள் நான். தமிழே பேசும் எனக்கே முதல் நாள் தடுமாற்றம்தான். ‘உசாத்துணைப் பகுதி எங்கே?’ என்று கேட்டேன், எதிரிலிருந்தவர் விழித்தார். இங்கே அதற்குப் ‘பார்வை நூல் பகுதி’ என்று பெயர். எனக்கே இப்படியென்றால் எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழி பேசுபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அறிவிப்புப் பலகைகளில் தமிழோடு எளிய ஆங்கிலமும், தரைப்படமும் இருக்கட்டும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உள்ளூர் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள். விடுதி உணவகமும் மூடிவிடும், நூலகமும் மூடிவிடும். நாங்கள் ஐந்தாறு பேர் மட்டும் அறைக்குள் அடைந்து கிடப்போம். அந்த நான்கு நாள்களில் ஒரு வாசிப்பு அறை மட்டும் திறந்திருந்தால், அது எங்களுக்கு வீடு போல இருக்கும். வளாகத்துக்கு வெளியிலிருந்து மின்னிதழ்களைப் படிக்கக் கடவுச்சொல் தரும்போது, அது இந்திய அலைபேசி எண்ணுக்கு மட்டும்தான் வரும் என்று வைக்காதீர்கள், ஐயா. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அந்த எண் எங்களுக்கு வேலை செய்வதில்லை.

சுவடியார்:

ஓய்வுபெற்ற நூலகர் என்ற முறையில் சில சொல்கிறேன், தம்பி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ். ஆர். இரங்கநாதன், கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். அவரே அவ்வாண்டு இலண்டனுக்குப் போய், அயல்நாட்டு மாணவராக இருந்துதான் நூலகவியலைக் கற்றுவந்தார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. கட்டுரையை விலைக்கு வாங்கியவருக்குப் பணத்தோடு நேரமும் போயிருக்கிறது.

பெயர்ப் பதிவைக் கவனியுங்கள். எத்தியோப்பியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தம் பெயருக்குப் பின் தந்தை பெயரையும் பாட்டன் பெயரையும் எழுதுவார்கள். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகச் சுமக்கும் நமக்கு இது புரியாததல்ல. ஆனால் நூலகப் பணிகளுக்கான கோஹா மென்பொருளின் உறுப்பினர் படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டம் இருப்பதால், எங்கள் நூலகத்தில் ஒருவர் பாட்டன் பெயரால் பதிவானார். விடுதியில் அவருக்கு வேறு பெயர். படிப்பு முடிந்து விமானச் சீட்டும் எடுத்துவிட்ட நிலையில், நூல் நிலுவை இல்லை என்ற சான்றிதழுக்காக அந்தப் பிள்ளை மூன்று நாள்கள் அலைந்தார். கடவுச்சீட்டில் உள்ளபடியே எங்கும் பதியச் சொல்லுங்கள்.

மேற்கோள் காட்டும் முறையையும் முன்கூட்டியே கற்பித்துவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, பிறர் எழுத்தோடு பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் நாற்பது விழுக்காடு வரை போனால் ஆய்வேட்டைத் திருத்தி மீண்டும் அளிக்க வேண்டியிருக்கும். கல்வி உதவித்தொகையில் வந்தவருக்கு அந்தச் சில மாதங்களின் செலவை யார் கொடுப்பார்கள்? ஏட்டை முடித்த பிறகு சோதித்துச் சொல்வதால் பயனில்லை. முதல் இயலிலேயே உடன் உட்கார்ந்து காட்ட வேண்டும்.

ஏடுகாப்போன்:

மூவருக்கும் நன்றி. பெயர்ப் பதிவுகளை இன்றே சரிபார்க்கத் தொடங்கிவிட்டேன்; பதினொரு மாணவர்களில் நால்வரின் பெயர் கடவுச்சீட்டோடு பொருந்தவில்லை. அறிமுக வகுப்பை ஏழாவது வாரத்துக்கு மாற்றக் கடிதம் எழுதுகிறேன். பொங்கல் நாள்களில் வாசிப்பு அறையைத் திறக்கக் காவலர் ஒருவருக்கு விடுமுறைப் படி தர வேண்டும். அதற்கு எந்தத் தலைப்பில் நிதி கேட்டீர்கள் என்பதை, ஏற்கெனவே இதைச் செய்தவர்கள் யாரேனும் இருந்தால் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.