ஸ்க்ரீம் (2022): சிரித்துக்கொண்டே பயந்தது எந்த இடத்தில்?

முகமூடிக் கொலைகாரன் வரும் இந்தத் திகில் படத்தின் கதை முழுவதையும் மூன்று பேர் பேசப்போகிறோம். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

எனக்கு முதல் காட்சியேதான். 1996இல் வெஸ் கிரேவன் இயக்கிய, இந்தத் தொடரின் முதல் படம் போலவே இதிலும் வீட்டுத் தொலைபேசி அடிக்கிறது, அதே கேள்வி: உனக்குப் பிடித்த பேய்ப்படம் எது? வீட்டில் தனியாக இருக்கும் தாரா என்ற பெண் 'தி பாபடூக்' என்கிறாள். தாய்மை, துக்கம் என்று அதன் ஆழத்தை விளக்குகிறாள். அரங்கமே சிரித்தது. 'எலிவேட்டட் ஹாரர்', அதாவது ஆழமான கருத்துள்ள உயர்தரத் திகில் படம், என்று சமீப காலமாக எல்லோரும் பேசுகிற பேச்சு அப்படியே அவள் வாயில். ஆனால் போனில் இருப்பவனுக்கு அதெல்லாம் வேண்டாம். அவன் கேட்பது 'ஸ்டாப்' படங்களைப் பற்றி, அதாவது இந்தத் தொடரின் கதைக்குள்ளேயே ஓடுகிற மசாலா ஸ்லாஷர்களை (ஒருவன் கத்தியோடு வரிசையாகக் கொல்லும் படங்களை) பற்றி. அவள் செல்போன் ஆப்பில் கதவுகளைப் பூட்டுகிறாள். பூட்டிய பூட்டுகள் தாமாகத் திறந்துகொள்கின்றன. அந்தச் சத்தத்தில் சிரிப்பு சட்டென்று அடங்கியது. ரசனை உயர்ந்ததாக இருந்தால் கத்தி விலகிப் போகுமா என்ன!

அவள் பிழைத்துக்கொள்கிறாள் என்பதும் முக்கியம். தொடக்கக் காட்சியில் சிக்கியவர் உயிரோடு மீள்வது இந்தத் தொடரில் அதுவே முதல்முறை.

---

எனக்கு, தாராவோட நண்பன் வெஸ் வீட்டுக் காட்சிங்க. இது கிரேவன் மறைந்த பிறகு வந்த முதல் ஸ்க்ரீம். அந்தப் பையனுக்கு அவர் பெயரையே வச்சிருக்காங்க. அவன் சாப்பாட்டு மேசையைத் தயார் பண்ணிட்டு ஒவ்வொரு கதவாத் திறந்து மூடுறான். ஒவ்வொரு தடவையும் இசை ஏறுது, கதவுக்குப் பின்னாடி ஆள் நிக்கப்போறான்னு உடம்பு தயாராகுது, யாரும் இல்லை. ஃப்ரிட்ஜ் கதவை மூடும்போது பக்கத்து சீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரிச்சார். அவன் அம்மா ஏற்கெனவே பட்டப்பகல்ல, வீட்டு வாசல்ல செத்துக் கிடக்கிறாங்க. உள்ளே இருக்கிற அவனுக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். அதனால அந்தச் சிரிப்பு பாதியிலேயே தொண்டையில சிக்கிக்குது. திடீர் அதிர்ச்சியை நம்பியே ஓடுற படங்களை இதைவிட நல்லாக் கிண்டல் பண்ண முடியாது. கிண்டல் முடிஞ்ச கையோட அதே அதிர்ச்சியை நமக்கே கொடுத்துடறாங்க.

---

இரண்டுமே நல்ல காட்சிகள். ஆனால் என்னை உடைத்தது முன்னாள் ஷெரிப் டூயியின் சாவு.

மருத்துவமனையில் கொலைகாரன் சுருண்டு விழுந்துவிட்டான். தப்பிக்க லிஃப்ட் தயார். டூயி திரும்பிப் போகிறார். தலையில் சுடாவிட்டால் அவன் எழுந்துவருவான் என்பது முதல் படத்திலிருந்து நாமெல்லாம் மனப்பாடம் செய்த விதி. அந்த விதியை மதிக்கப் போனவரை அந்த விதியே கொன்றது. குறி வைத்த நொடியில் செல்போன் அடிக்கிறது, அழைப்பது அவருடைய முன்னாள் மனைவி கேல். 1996 முதல் ஒரு படம் விடாமல் கூடவே வந்த மனிதர்! தாராவின் தோழி மிண்டி 'ரீக்வல்' (பழைய பாத்திரங்களோடு புதியவர்களையும் சேர்த்து ஒரு தொடரை மறுபடி தொடங்கும் படம்) விதிகளை விளக்கும்போது எவ்வளவு ரசித்தோம். பழைய பாத்திரங்கள் வருவது புதியவர்களுக்கு வழிவிடத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

முடிவில் கொலைகாரர்கள் தங்கள் ரசிகக் கோபத்தை அவ்வளவு நேரம் பேசித் தீர்த்தது மட்டும் எனக்கு நீளமாகப்பட்டது. புதிய 'ஸ்டாப்' பிடிக்கவில்லை என்பதற்காக நிஜக் கொலைகளால் ஒரு நல்ல தொடர்ச்சிக்குக் கதை தர நினைக்கும் ரசிகர்கள்: அந்தப் பயங்கரத்துக்கு இரண்டு வரி போதும். மற்றபடி, டூயி காட்சிக்குப் பிறகு யாராவது உடனே சகஜமாகப் படத்தோடு ஒட்ட முடிந்ததா? எனக்கு அடுத்த பதினைந்து நிமிடம் எதுவும் மனதில் ஏறவில்லை.